யாருடைய உயிர்? - ஓர் ஆங்கில நாடகமும் நம் வீட்டு வழக்கமும்

மேனாட்டு நாடகங்களுள் சில, ஆடி முடிந்ததோடு முடிந்து போவதில்லை. அவை எழுப்பும் வினா நாடகசாலையை விட்டு வெளியே வந்து, நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் குடும்பத்திலும் புகுந்துகொள்கின்றது. பிரையன் கிளார்க் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய ‘ஹூஸ் லைஃப் இஸ் இட் எனிவே?’ என்ற நாடகம் அத்தகையது. ‘எப்படியாயினும், இது யாருடைய உயிர்?’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். 1972-இல் இங்கிலாந்தில் தொலைக்காட்சிக்கென எழுதப்பெற்று, 1978-இல் லண்டனில் மேடையேறி, மறு ஆண்டு நியூயார்க் சென்று, 1981-இல் திரைப்படமாகவும் வந்தது. ஆங்கிலங் கற்ற நம்மவருள் சிலர் இதனைப் படித்திருப்பர். நல்ல நாடகம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இதன் நியாயம் நம் வீட்டுக் கட்டில்வரை வந்து எட்டுகின்றதா என்பதை ஆராயாது புகழ்ந்துவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

கதை சிறிது. கென் ஹாரிசன் ஒரு சிற்பி. மோட்டார் விபத்தொன்றில் கழுத்தெலும்பினுள் ஓடும் நரம்புத் தண்டு சிதைந்துபோக, கழுத்துக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. நாடகம் தொடங்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். முடியும்போதும் அதே கட்டிலில்தான் கிடக்கிறான். இடையில் அவனுடைய தலை ஒன்றே நடிக்கின்றது. சிறுநீரை வெளியேற்றும் குழாயும், இரவு பகலாய்த் தாதியர் செய்யும் பணிவிடையும் நின்றுவிட்டால் சில நாட்களில் உடலில் நஞ்சேறி இறப்பான். அவை தொடர்ந்தால் பல்லாண்டு இருப்பான். இனித் தேறும் வழியில்லை என்பதை வைத்தியர் வாயாலேயே கேட்டறிந்த பின்னர், தன்னை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்குமாறு கேட்கிறான். அதற்குப் பொருள் என்னவென்று அவனுக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். தலைமை வைத்தியர் எமர்சன் மறுக்கிறார். மனநோய்ச் சட்டத்தைக் காட்டி அவனைப் பிடித்து வைக்கவும் முயல்கிறார். வழக்கறிஞர் வருகிறார், ஆட்கொணர்வு மனு போடப்படுகிறது, நீதிபதி மில்ஹவுஸ் ஆஸ்பத்திரிக்கே வந்து கட்டிலருகில் விசாரித்து, கென் தெளிந்த அறிவுடையவனே என்று கண்டு விடுவிக்கிறார். தோற்றுப்போன எமர்சன் அப்பொழுது, வெளியே போய் அலைய வேண்டாம், இங்கேயே இருக்கலாம், சிகிச்சையை நிறுத்திவிடுகிறோம், மனம் மாறினால் சொல்லலாம் என்கிறார். கென் இசைகிறான்.

இந்நாடகத்தின் உயிர்நிலை நீதிபதி வரும் இறுதிக் கட்டத்தில் இருப்பதாகப் பலர் கருதுவர். நமது அபிப்பிராயம் வேறு. முற்பகுதியில் வரும் வாலியம் மருந்துக் காட்சியே உயிர்நிலை. மனக்கலக்கம் தணிக்கும் அம்மருந்து வேண்டாம் என்கிறான் கென். தன்னிடம் எஞ்சியிருப்பது தெளிந்த மனம் ஒன்றே, அதையும் மங்கச் செய்ய வேண்டாம் என்பது அவன் வாதம். இளைய வைத்தியராகிய ஸ்காட் அம்மையார் அவ்வாதத்துக்கு இணங்கி மருந்தை வற்புறுத்தாது விடுகிறார். எமர்சன் வருகிறார், ஊசியை எடுக்கிறார், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பவனுக்குப் போட்டுவிடுகிறார். கை கால் அசையாதவன் எப்படித் தடுப்பான்? எமர்சன் முகத்தில் பகையில்லை. உள்ளபடி அன்பே இருக்கின்றது. குழந்தைக்கு மருந்து புகட்டும் தகப்பனைப் போல் நடந்துகொள்கிறார். பார்ப்பவர் மனம் துணுக்குறுவது அவ்வன்பைக் கண்டுதான். கொடியவன் ஒருவன் இதனைச் செய்திருந்தால் அவனை வைதுவிட்டு நாம் நிம்மதியாக உறங்கியிருப்போம். நல்லவர் செய்கிறார்; நம் நன்மைக்கென்றே செய்கிறார்; நம் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மட்டும் அங்கே விலையில்லை.

சுயமரியாதை என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. ‘உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்ற வாக்கியம், வெள்ளைக்காரத் துரை வாயிலும் குருக்கள் வாயிலும் பெற்றோர் வாயிலும் நாம் கேட்டுப் பழகியதே. இன்னுமொரு நுட்பமும் உண்டு. கென் அழுதால் அது மனச்சோர்வு. அறிவோடு வாதிட்டால் அதுவும் சோர்வை மறைக்கும் சாமர்த்தியம். எப்படிப் பேசினாலும் பைத்தியம் என்பதற்கே சான்றாகின்றது. வழக்கத்தை எதிர்த்துக் கேள்வி கேட்டவனுக்குப் பித்தன் பட்டம் சூட்டிய ஊரில் பிறந்தவர்கள் இந்நுட்பத்தைச் சுலபமாக உணர்ந்துகொள்வார்கள்.

எமர்சனைக் கயவராக்காமல் விட்டது ஆசிரியரின் பெருந்தன்மை மட்டுமன்று, திறமையுங்கூட. உயிரைக் காப்பாற்றும் தொழிலில் முதிர்ந்த ஒருவர், ஆறு மாதத் துயரத்தில் ஒருவன் சொல்லும் சொல்லை அவனுடைய இறுதிச் சொல்லாகக் கொள்ளத் தயங்குவது இயற்கை. இன்று சாக விரும்புகிறவன் அடுத்த ஆண்டு வாழ விரும்பக்கூடும் என்று அவர் ஐயுறுகிறார். இவ்வையத்துக்கு நாடகம் முழுவிடை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ‘மனம் மாறினால் சொல்’ என்று கதவைத் திறந்து வைத்தபடி அவர் விலகிக்கொள்வதே கிடைக்கக்கூடிய விடை.

நாடகம் வெறுங்கற்பனை என்று எண்ணுவோர்க்கு 2002-ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கொன்றைக் காட்டலாம். கழுத்துக்குக் கீழே முடங்கி, மூச்சு யந்திரத்தால் மட்டுமே உயிர் தரித்திருந்த ஓர் அம்மையார், யந்திரத்தை நிறுத்துமாறு தம் வாயாலேயே கேட்டார். நீதிமன்றம் அவர் பெயரை வெளியிடாது ‘மிஸ் பி’ என்றே குறித்தது. வைத்தியர்கள் மறுத்தனர். எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் என்னும் பெண் நீதிபதி, படுக்கையிலிருந்தபடியே அவ்வம்மையார் கூறிய சாட்சியத்தைக் கேட்டு, அவருக்குத் தீர்மானிக்கும் ஆற்றல் முழுமையாக உண்டென்றும், வேண்டாமென்ற பின்னும் சிகிச்சையைத் தொடர்ந்தது சட்டத்துக்கு மாறென்றும் தீர்ப்பளித்து, பெயரளவுக்கு நூறு பவுன் நஷ்டஈடும் விதித்தார். வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் இறந்தார். முப்பதாண்டுக்கு முன் எழுதப்பட்ட நாடகம் அப்படியே நடந்தேறியது போன்றிருந்தது. வாயுள்ளவரின் வழக்கில் கிளார்க் அவர்கள் எழுதிய நியாயம் வென்றுவிட்டது எனலாம்.

வாயில்லாதவர் வழக்கு என்னாயிற்று? நாடகத்தின் குறை இங்கேதான் தொடங்குகின்றது.

கென் ஹாரிசனுக்கு ஆசிரியர் கொடுத்திருப்பது சாதாரண நாவன்று. அவ்வரங்கிலுள்ளோர் எல்லாரினும் கூர்மையாகப் பேசுகிறவன் அவனே. சிரிக்க வைக்கிறான், தாதியரைக் கேலி செய்கிறான், சில கேலிகள் பெண்மக்கள் காதுக்கு இனியவை அல்ல. சட்டத்தரணியை வரவழைக்கத் தெரிகிறது. நீதிபதியோடு சரிக்குச் சரி வாதாடத் தெரிகிறது. இத்தகையவனுக்கு உரிமை வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமன்று. அவன் தானே வாங்கிக்கொள்வான். அன்றியும் அவ்வரங்கில் உறவினர் இல்லை. கென்னின் பெற்றோர் மேடைக்கு வருவதேயில்லை. மணம் பேசியிருந்த பெண்ணையும் அவன் முன்னரே விடுவித்து அனுப்பிவிட்டான். பணமும் அநேகமாக இல்லை. ஜான் என்னும் ஊழியன் போகிற போக்கில் தொடுவதோடு சரி. ஒருபுறம் நோயாளி, மறுபுறம் வைத்தியர், நடுவில் நீதிபதி. தாயும் தமையனும் மைத்துனனும் கடன் கொடுத்தவனும் இல்லாத மரணப்படுக்கை ஒன்றைத் தமிழர் எவரேனும் கண்டதுண்டா?

மற்றொரு கண்டனமும் இந்நாடகத்தின் மேல் உண்டு. உறுப்புக் குறையுடையோர் சார்பில் பேசுகின்றவர்கள், முடங்கிய வாழ்வு வாழத் தகாதது என்ற எண்ணத்தை இது பரப்புவதாகக் குறை கூறியுள்ளனர். இக்கண்டனத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. சிறுநீர் இறங்கும் குழாயைத் தம் உடலோடு பொருத்திக்கொண்டு, அதன் வேதனையைச் சுமந்தபடியே ஊரூராய்ச் சென்று பேசிய பெரியார் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் அவர் கடைசியாகப் பேசியபோதும் வலி அவரை விட்டபாடில்லை. ஐந்து நாள் கழித்து, தொண்ணூற்று நான்காம் வயதில், வேலூரில் மறைந்தார். குழாய் ஒன்றுதான். அது கென்னுக்குச் சிறை. பெரியாருக்கு அடுத்த ஊருக்குப் போக உதவிய ஒரு கருவி. ஒருவருக்கு மேடையும் வேலையும் பின்னே திரளும் கூட்டமும் இருந்தன. மற்றவனுக்குச் சிலை செதுக்கும் கை போய்விட்டது என்று வேற்றுமை காட்டலாம். ஆனால் கை போன சிற்பிகளெல்லாம் சாவையே கேட்பார்கள் என்பதும் இல்லை. குழாயைக் கண்டு எவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. குழாய் பொருத்தப்பட்டவரைக் கேட்டே ஆகவேண்டும். கேட்டுவிட்டுப் பேசுகின்றது என்ற அளவில் கிளார்க் அவர்களின் நாடகம் இக்கண்டனத்துக்குப் பாதி தப்பிவிடுகின்றது.

கேட்க இயலாதபோது என் செய்வது?

1989 ஏப்ரல் மாதத்தில் ஷெபீல்டு நகர ஹில்ஸ்பரோ மைதானத்தில் பந்தாட்டங் காணச் சென்ற கூட்டம் நெரிந்தபோது, டோனி பிளாண்ட் என்னும் இளைஞன் மூச்சடைத்து மூளை கெட்டு விழுந்தான். பின்னர் அவன் கண்விழித்துக் கிடந்தானேயன்றி உணர்வு திரும்பவில்லை. மூக்கு வழியே செலுத்திய குழாயில் உணவு ஊட்டப்பட்டது. பெற்றோரும் வைத்தியரும் ஒருமனதாய் நிறுத்த விரும்பியும் சட்டத்துக்கு அஞ்சி வழக்கு மேல்மன்றம் வரை சென்றது. 1993-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, குழாய் வழி உணவும் சிகிச்சையே என்றும், அவனுக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லாதபோது நிறுத்தலாம் என்றும், ஆனால் உயிர் போக ஊசி போடுவது கொலையே என்றும் வரம்பு கட்டிற்று. நிறுத்துவது வேறு, கொல்லுவது வேறு என்ற இவ்வரம்பு சட்டப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கின்றது. கட்டிலருகில் நிற்கும் தாய்க்கு அத்துணைத் தெளிவாகத் தோன்றுமோ என்பது சந்தேகம்.

நமக்கு இன்னும் அணுக்கமான வழக்கு அருணா ஷான்பாக் அவர்களுடையது. பம்பாய்க் கே. இ. எம். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலைபார்த்த இளம்பெண். 1973 நவம்பர் 27-ஆம் நாள், அங்கேயே வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி மானபங்கம் செய்தான். மூளைக்கு இரத்தம் போகாது கெட்டது. (அவனுக்குக் கிடைத்த தண்டனை ஏழாண்டுச் சிறை. மானபங்கக் குற்றம் வழக்கில் சேர்க்கப்படவேயில்லை.) அருணா அதே ஆஸ்பத்திரியின் ஓர் அறையில் நாற்பத்திரண்டு ஆண்டு கிடந்து, 2015 மே 18-இல் மறைந்தார். பிங்கி விரானி என்னும் பத்திரிகையாளர் 1998-இல் ‘அருணாவின் கதை’ என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில நூலொன்று எழுதினார். பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று, உணவு கொடுப்பதை நிறுத்தி அப்பெண் அமைதியாக இறக்க விடவேண்டும் என்று மனுச் செய்தார்.

எதிர்த்து நின்றவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மடாதிபதிகள் அல்லர், அந்த ஆஸ்பத்திரித் தாதியர். தலைமுறை தலைமுறையாக வேலைக்கு வந்தவர்கள், தாம் ஒரு நாளும் பேசிக் கண்டறியாத அப்பெண்ணைக் குளிப்பாட்டி, குழையப் பிசைந்த உணவை வாயில் ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் வராது காத்து வந்தனர். அருணாவுக்கு மூச்சு யந்திரம் கிடையாது. அவரைத் தாங்கிய யந்திரம் அத்தாதியரின் கைகளே. 2011 மார்ச்சு 7-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான சுதா மிஸ்ரா ஆகிய இருவரும், மேலே சொன்ன பிளாண்ட் தீர்ப்பைப் பெரிதும் எடுத்தாண்டு, உயர்நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று இந்தியாவுக்கே பொதுவிதி வகுத்தனர். ஆனால் அருணாவுக்காகப் பேசும் உரிமை நூலாசிரியருக்கு இல்லை, உடனிருந்து காத்த ஆஸ்பத்திரியாருக்கே உண்டு என்று அவர் மனுவைத் தள்ளினர்.

விரானி அம்மையார் இரக்கத்தால் கேட்டார்; தாதியர் அன்பால் மறுத்தனர். இருதரத்தாரையும் நாம் வணங்குகிறோம். ஆனால் இருவருமே அருணாவின் மனம் தமக்குத் தெரியுமென்று பேசினர். அருணாவோ இருபத்தைந்து வயதளவில் வாய் அடைத்துப்போனவர். திருமணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பெண்ணிடம் இத்தகைய நிலை வந்தால் உன் விருப்பம் யாது என்று யார் கேட்டிருப்பார்? கென் ஹாரிசனை எதிர்த்தவர்கள் அவன் சொல்லைக் கேட்டும் கேளாதவர் போல் நடந்தனர். அருணாவைச் சூழ்ந்தவர்களுக்குக் கேட்பதற்குச் சொல்லே இல்லை. கிளார்க் அவர்களின் நாடகத் தலைப்பிலுள்ள வினா, அருணாவின் கட்டிலருகில் விடையின்றி நின்றுவிடுகின்றது.

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் கிடப்போருள் கென் ஹாரிசன்கள் சிலர், அருணாக்கள் பலர். மூளையில் இரத்தக்குழாய் வெடித்து விழுந்த பால்மரத் தொழிலாளி, மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்ட பையன், நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் கெட்ட பாட்டி. தொண்டையில் குழாயும், மார்பு விம்மித் தணியும்படி காற்றை உள்ளே தள்ளும் யந்திரமும். ஆங்கிலமும் மலாயும் தெரியும் என்ற காரணத்தால் தோட்டத்துக் கிராணியாகிய நாம் இத்தகைய கட்டில்களருகே மொழிபெயர்த்து நின்றிருக்கிறோம். வைத்தியர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இவர் பேசக்கூடியவராயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அக்கேள்வியைத் தமிழில் சொன்னவுடன் வரும் விடையும் அநேகமாக ஒன்றுதான். “எனக்கென்னங்க ஐயா தெரியும், பெரியவன் வரட்டும்” என்பாள் மனைவி. நாற்பதாண்டு கூடி வாழ்ந்தவள். அவன் சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்பது தெரியும். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது தெரியும். இது மட்டும் தெரியாது. ஏனெனில் இதைப்பற்றி வீட்டில் வாய் திறந்தால், “நல்ல நேரத்தில் என்ன பேச்சு இது!” என்று அடக்குவதே நம் வழக்கம்.

பெரியவன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்கிறான். தகப்பனைக் கடைசியாகப் பார்த்து எத்தனை தீபாவளி ஆயிற்றோ, அத்தனைக்கும் சேர்த்து இப்பொழுது கடன் தீர்க்கிறான். “எல்லாம் செய்யுங்கள், எதையும் நிறுத்தக்கூடாது” என்கிறான். அவன் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அவன் தன் மனத்தைச் சொல்லுகிறானேயன்றித் தகப்பன் மனத்தைச் சொல்லவில்லை. பின்னால் நிற்கும் உறவினர் ‘வயரைப் பிடுங்கிவிட்டான்’ என்று ஊரில் பேசுவார்களே என்ற அச்சமும் அக்குரலில் கலந்திருக்கின்றது. இதனினும் கேவலமானதொன்றைக் கூற வேண்டியிருக்கின்றது. அவிட்டம் முதலான நட்சத்திரங்களில் உயிர் போனால் ‘அடைப்பு’, வீட்டை மாதக்கணக்கில் மூடவேண்டும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்நாள் கழியும்வரை யந்திரத்தை ஓட்டச் சொல்வோரும் நம்மிடை உண்டு. விஞ்ஞானி கண்ட யந்திரம் சோதிடனுக்குக் காவல் நிற்கின்றது! விதி முடிந்தால் எவராலும் தடுக்க முடியாது என்று காலமெல்லாம் சொல்லியவர்கள், மின்சாரம் தடுத்து நிறுத்தியிருப்பதைக் கண்ட பிறகும் விதியையே பேசுகின்றனர். யந்திரத்தைப் பொருத்துவது கடவுள் சித்தத்துக்கு விரோதமன்றாம். எடுப்பது மட்டும் விரோதமாம்.

நிற்க. அறிவு பேசும் அன்பர்கள், இதற்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தையும் காணவேண்டும். “பயனில்லை, நிறுத்திவிடலாம்” என்ற சொல்லைத் தோட்டத்துக் குடும்பம் ஏன் நம்பத் தயங்குகின்றது? அத்தயக்கம் முழுதும் மூடத்தனமன்று. எத்தனை மரம் சீவினான் என்று கணக்கெழுதியே அவன் உயிரின் விலையை மதித்துவந்த உலகம், அவன் கடைசி நாளில் மட்டும் கண்ணியமான மரணம் என்று பேச வந்தால், இதுவும் ஒரு செலவுக் கணக்கோ என்று அவன் மக்கள் ஐயுறுவது நியாயமே. அடையாளக் கார்டு இல்லாத தமிழன் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அயல்நாட்டார் கட்டணம் கட்டவேண்டியிருக்கின்றது. அவன் வீட்டார் நிறுத்தச் சொல்லும்போது, சொல்வது நோயாளியின் விருப்பமா, பில் புத்தகமா? ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டிப் பெருவிரல் ரேகை வாங்கும் இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருளே குறைந்துபோகின்றது. கிளார்க் அவர்களின் நாடகத்தில் இப்பிரச்சினை எழுவதில்லை, அங்கே அரசாங்கம் செலவை ஏற்கின்றது. ஆகவே, சாகும் உரிமையைப் பற்றி மட்டும் பேசி, வைத்தியம் பெறும் உரிமையைப் பேசாது விடுவோரின் முற்போக்கில் நமக்கு முழு நம்பிக்கை பிறப்பதில்லை.

சட்டம் ஓரளவு வழிகாட்டத்தான் செய்கின்றது. சிங்கப்பூரில் 1996-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றினர். இருபத்தொரு வயது நிரம்பிய எவரும், நோய் முற்றித் தேறும் வழியின்றித் தாம் உணர்விழந்து கிடக்கும்போது, உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்னதாகவே எழுதிப் பதிந்து வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வைத்தியர், சாவினால் ஆதாயம் பெறுவோர் சாட்சியாகக் கூடாது. எழுதி வைத்திருக்கிறாயா என்று ஆஸ்பத்திரியார் நோயாளியைக் கேட்கவும் கூடாதாம். வற்புறுத்தல் நேராதிருக்க இட்ட தடை. காரணம் சரியே. ஆனாலும் எழுத உரிமை கொடுத்துக் கேட்க உரிமை மறுக்கும் சட்டத்தில் வேடிக்கையும் இல்லாமலில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018-இல் இத்தகைய முன்விருப்பப் பத்திரத்தை ஏற்றனர்; நடைமுறை மிகச் சிக்கலாயிருந்ததால் 2023-இல் எளிதாக்கினர். மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டமில்லை. பத்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனைவியிடமும் மக்களிடமும் ஒருவர் தம் வாயால் சொல்லி வைப்பதைத் தடுக்கும் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை.

இவ்விடத்தில் புலவர் சிலர் புறநானூற்றைக் கொண்டுவருவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டான், பிசிராந்தையார் உடனிருந்து உயிர் விட்டார், ஆதலின் தமிழர் இதனை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டனர் என்று கூட்டத்தில் கைதட்டல் வாங்குவர். மக்களோடு பகைத்து மானத்துக்காக உணவொறுத்த மன்னன் கதை வேறு. தொண்டையில் குழாயோடு உணர்விழந்து கிடக்கும் தொழிலாளி கதை வேறு. மன்னன் தன் முடிவைத் தானே ஊரறியச் சொன்னான் என்ற ஒன்றுதான் இவ்விரண்டுக்கும் இடையே நமக்குப் பயன்படுவது.

இந்நாடகத்தைத் தமிழாக்கி நம் மேடைகளில் ஆடவேண்டும் என்பது நமது விருப்பம். அரிச்சந்திரன் மயானத்தில் நிற்பதையே கண்டு அழுத நம் தோட்டத்து மக்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலையும் ஒருமுறை மேடையில் காணட்டும். மொழிபெயர்க்க முன்வரும் அன்பர்க்கு இரண்டொரு வேண்டுகோள். கென்னைச் சிற்பியாகவே விடாது, லாரி ஓட்டும் பையனாகவோ பள்ளிக்கூட ஆசிரியனாகவோ ஆக்கலாம். தாதியரைச் சீண்டும் கேலிகளைக் குறைக்கலாம். ஆனால் வாலியம் காட்சியில் ஒரு சொல்லையும் வெட்டலாகாது. ஆங்கில மேடைக்கு வராத தாயை நம் மேடைக்குக் கட்டாயம் அழைத்து வரவேண்டும். வந்தவளுக்கு ஒப்பாரி மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாகாது. அவள் மகனோடு வாதிடவேண்டும். உன்னைப் பெற்ற எனக்கு இதில் பங்கில்லையா என்று கேட்கவேண்டும். நீதிபதிக்குச் சொன்ன விடை அவளுக்குப் போதாது என்பதைக் கண்டு மகன் திணறவேண்டும். அக்காட்சியை எழுதுவதுதான் கடினம். மற்றபடி செலவு குறைவு. ஒரு கட்டில், நான்கு நாற்காலி, ஒரு விளக்கு இருந்தால் எந்தத் தோட்டத்து மண்டபத்திலும் ஆடலாம்.